வட ஆற்காடு மேனுவல் ரீபிரிண்ட் – ரொம்ப நாள் வச்சிருந்து சொல்றேன்

தென்னாப்பிரிக்கா டர்பன்ல இருக்குற ஃப்ரெண்ட் ஒருத்தர், பூர்வீக ஊரைத் தேடிக்கிட்டு இருக்கார், வட ஆற்காடு மாவட்ட மேனுவல் (வெள்ளைக்காரன் காலத்து ஜில்லா விவரப் புத்தகம்) ரீபிரிண்ட் விலை இறங்கியிருக்கே வாங்கலாமான்னு நேத்து கேட்டார். என் காப்பியும் பைண்டர்கிட்டேர்ந்து இப்பதான் வந்துச்சு, சூட்டோட சூடா எழுதிடுறேன்.

1881ல ஆர்தர் காக்ஸ் தொகுத்த புத்தகம். உள்ள என்ன இருக்குன்னு தேடுறவங்களுக்குத் தெரியும், அதை விடுங்க. என் கோபமெல்லாம் உள் மார்ஜின் மேலதான். பழைய பக்கத்தை ஸ்கேன் பண்ணி அப்படியே அடிச்சிருக்காங்க, நடுவுல இடமே விடல, அட்டவணைல கடைசி கட்ட வரிசை முழுக்க தையலுக்குள்ள போயிடுச்சு. தாலுகா தாலுகாவா மக்கள்தொகை பாக்கணும்னா புத்தகத்தை முதுகு உடையுற மாதிரி விரிக்கணும், அப்படி விரிச்சு விரிச்சுதான் பைண்டிங்கே பிரிஞ்சுது. இருக்குற எண்ணும் 3ஆ 8ஆன்னு தெரியாது. தாது வருஷப் பஞ்சம் 1876–78, அது முடிஞ்சு மூணே வருஷத்துல வந்த புத்தகம் இது, அதுல ஒரு தாலுகா எண்ணை சரியா படிக்க முடியலன்னா எரிச்சல் வருமா வராதா?

ஆனா இதையும் சொல்லணும், இந்தப் புத்தகம் இல்லன்னா நான் எத்தனையோ பேருக்கு வழி சொல்லியிருக்க முடியாது. எந்தப் பகுதி சர்க்கார் நிலம், எது ஜமீன், எது ஜாகிர் (வரி வருமானத்தை ஒருத்தருக்கு மானியமா விட்ட நிலம்) அப்படின்னு பிரிச்சு சொல்லுது பாருங்க, அது தங்கம். காளஹஸ்தி, கார்வேட்டிநகர், புங்கனூர், கங்குந்தி எல்லாம் ஜமீன், ஆரணி ஜாகிர். 1860லேர்ந்து 1911 வரைக்கும் நேட்டாலுக்கு (டர்பன் இருக்குற பகுதி) ஒப்பந்தக் கூலியா போனவங்களோட கப்பல் லிஸ்ட்ல பேரு, அப்பா பேரு, வயசு, ஜாதி, ஜில்லா, தாலுகா, ஊர்னு இருக்கும். ஜில்லா வட ஆற்காடுன்னு பாத்ததும் எல்லாரும் வேலூருக்கு ஓடுறாங்க. லிஸ்ட்ல தாலுகா புங்கனூர்னு இருந்தா வேலூர்ல போய் என்ன பண்றது, அது இப்ப ஆந்திராவுல இருக்கு, 1911ல சித்தூர் ஜில்லா தனியா பிரிஞ்சப்பவே கோடு மாறிடுச்சு. திருவண்ணாமலை நேர் எதிர், அப்ப தென் ஆற்காடு, அதனால இந்த மேனுவல்ல தேடவே கூடாது. திருப்பத்தூர் அப்ப சேலம் ஜில்லா.

ரயத்துவாரி ஊர்னா, அதாவது விவசாயி நேரா சர்க்காருக்கே வரி கட்டுற ஊர்னா, நிலத்துக்கு வரி நிர்ணயிச்ச செட்டில்மென்ட் ரிஜிஸ்டர்ல பட்டாதாரர் பேர் கிடைக்க வாய்ப்பிருக்கு. ஜமீன் ஊர்னா 1948 ஒழிப்புச் சட்டத்துக்கு முன்னாடி சர்க்கார் பக்கம் அந்த மாதிரி பெரும்பாலும் கிடைக்காது, ஜமீன் கணக்கு எங்க மிஞ்சியிருக்குன்னுதான் தேடணும். இந்த ஒரு விஷயம் தெரிஞ்சா எவ்வளவோ அலைச்சல் மிச்சம்.

மனசுக்குக் கஷ்டமான இன்னொண்ணு, ஜமீன்தார் பரம்பரைக் கதையெல்லாம் விலாவாரியா இருக்கு, கப்பல் ஏறினவங்கள்ல நிறைய பேர் நிலமே இல்லாத கூலி ஜனங்க, அவங்க பேரு இதுல ஒரு வரி கிடையாது, பட்டாவுலயும் வராது. அவங்களுக்குன்னு மிஞ்சினது அந்தக் கப்பல் லிஸ்ட்தான்.

என் காப்பியை யாரு கேட்டாலும் குடுக்க மாட்டேன். ஆனா நண்பருக்கு நான் சொன்னது, பாதி விலைன்னாலும் இந்த ரீபிரிண்டை வாங்காதீங்க, ஸ்கேன் நெட்ல சும்மாவே கிடைக்குது, பெருசாக்கிப் பாத்தா அந்தக் கடைசி கட்ட வரிசையும் தெரியும்.