செடித் தொட்டி, கடல்மீன் தொட்டி, பவளத் தொட்டி: ஓர் ஒப்பீட்டு அலசல்

வீட்டில் கண்ணாடித் தொட்டி வைக்க நினைப்பவர் முன் மூன்று முக்கியமான வழிகள் இருக்கின்றன. நன்னீரில் நீர்ச்செடிகளை வளர்த்து அவற்றிடையே சிறு மீன்களை விடும் செடித் தொட்டி முதலாவது. கடல்நீரில் மீன்களை மட்டும் வளர்க்கும் தொட்டி இரண்டாவது. உயிருள்ள பவளங்களையே மையமாகக் கொண்ட பவளத் தொட்டி மூன்றாவது. செலவு, உழைப்பு, இழப்புக்கான வாய்ப்பு ஆகிய மூன்றில் எதை அளவுகோலாக எடுத்தாலும் பவளத் தொட்டி கடைசி இடத்துக்குத்தான் வரும். அப்படியிருந்தும் அதில் ஊறிப்போனவர்கள் மற்ற இரண்டுக்கும் எளிதில் திரும்புவதில்லை. நிறங்கள்தான் காரணம் என்று பலர் சொல்வார்கள். நான் அதை ஏற்கவில்லை. நிறம் மட்டும் போதுமென்றால் கடல்மீன் தொட்டி அதைக் குறைந்த உழைப்பில் தருகிறது; அமைப்பழகு போதுமென்றால் செடித் தொட்டி அதை இன்னும் விரைவாகத் தருகிறது. தான் வாழும் தரையைத் தானே கட்டியெழுப்பும் பவளம் என்னும் விலங்கை, அதற்குக் கடல் செய்துதரும் வேலைகளையெல்லாம் தாமே பொறுப்பேற்றுச் செய்து வளர்க்கும் வாய்ப்பைப் பவளத் தொட்டி மட்டுமே தருகிறது. ஈர்ப்பின் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

அழகில் பவளத் தொட்டிக்கு நேர்ப் போட்டி செடித் தொட்டிதான். கல், மரக்கட்டை, பாசி, புல்போன்ற செடிகள் ஆகியவற்றைக் கொண்டு ஒரு நிலக்காட்சியையே நீருக்குள் அமைக்கும் பாணியை ஜப்பானைச் சேர்ந்த தகாஷி அமானோ 1990களில் உலகெங்கும் பரவச் செய்தார். 2015இல் லிஸ்பன் கடல்வாழ் உயிரினக் காட்சியகத்தில் அவர் உருவாக்கிய தொட்டி 40 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 1,60,000 லிட்டர் கொள்ளளவும் கொண்டது. இந்தக் கலையில் வடிவம் முழுவதும் வளர்ப்பவரின் கையில் இருக்கிறது. தண்டுச் செடிகளை அடிக்கடி கத்தரித்து எந்த உயரத்துக்கும் அடக்கலாம். சில மாதங்களில் மனத்தில் எண்ணிய காட்சி கண்முன் நிற்கும். சலித்துவிட்டால் அனைத்தையும் பிரித்து வேறொன்றை அமைக்கலாம். கரியமில வாயுவோ உரமோ கூடிக் குறைந்தால் பாசி படியும், இலைகள் கரையும். ஆனால் வேர் பிழைத்திருந்தால் செடி மீண்டும் துளிர்த்துவிடும். தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும் இந்தக் குணத்துக்காகவே, பொறுமை குறைந்தவர்களுக்கு நான் செடித் தொட்டியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

பவளத் தொட்டியில் பாறைகளை அடுக்கி, எந்தப் பவளத்தை எங்கே ஒட்டுவது என்று முடிவு செய்தவுடன் வளர்ப்பவரின் வடிவமைப்பு வேலை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அதன்பின் உருவத்தைத் தீர்மானிப்பவை ஒளியும் நீரோட்டமும் அந்த உயிரின் இயல்பும்தான். மான்டிபோரா வகைகளில் சில அகன்ற தட்டுகளாகச் சுழன்று விரிகின்றன; அக்ரோபோரா கிளைகளாகப் பிரிந்து மேலெழுகிறது. கிளைவிடும் அக்ரோபோரா நல்ல சூழலில் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் அளவுக்கும் வளரக்கூடும். திரண்ட உருவங்கொண்ட பவளங்கள் பல ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டரைத் தொடுவதே பெரிது. ஆகவே செடித் தொட்டியில் வாரக்கணக்கில் கிடைக்கும் நிறைவு இங்கே ஆண்டுக்கணக்கில்தான் கிடைக்கிறது. பலரை விரட்டுவதும் இந்த மெதுவான வேகம்தான், பலரைப் பிடித்து வைப்பதும் இதுதான். கட்டைவிரல் அளவில் ஒட்டிய துண்டு, பாறையின் மேல் தன் சுண்ணாம்பு அடியைப் பரப்பி, விளிம்பில் வெளிறிய புது வளர்ச்சியைக் காட்டும்போது, பல மாதங்கள் நீரைச் சீராக வைத்திருந்ததற்கான சான்று அதன் உடலிலேயே பதிந்திருக்கிறது.

இனி மீன் மட்டும் வாழும் கடல் தொட்டி. இதைப் பவளத் தொட்டிக்கான முதற்படி என்று மட்டும் பார்ப்பது சரியன்று. அதற்கென்றே சில சிறப்புகள் உண்டு. சிங்கமீன், கிளாத்தி, பேத்தை போன்ற பெரிய மீன்கள் வளர்ப்பவரை அடையாளம் கண்டு கண்ணாடியருகே வந்து உணவு கேட்கும். அவற்றைப் பவளத் தொட்டியில் சேர்க்க இயலாது. சிங்கமீன் பவளத்தைத் தொடாவிட்டாலும் சிறு மீன்களையும் இறால்களையும் விழுங்கிவிடும், கிளாத்தியும் பேத்தையும் கடித்துப் பார்க்காத பொருளே இருக்காது. நீரின் தரத்திலும் இங்கே நெருக்கடி குறைவு. பவளத்தைச் சோர்வடையச் செய்யும் நைட்ரேட் அளவைப் பெரும்பாலான மீன்கள் தாங்கிக்கொள்கின்றன. விளக்கும் சாதாரணமானதாக இருக்கலாம். மருத்துவத்தில் கிடைக்கும் வசதி இன்னும் பெரியது. கடல்மீன்களைத் தாக்கும் வெண்புள்ளி நோய்க்குக் காரணமான கிரிப்டோகாரியான் ஒட்டுண்ணியைச் செம்புக் கரைசலால் ஒழிக்கலாம். பவளத் தொட்டிக்குள் அந்த மருந்தை ஊற்றினால் பவளங்களும் இறால்களும் நத்தைகளும் அழிந்துவிடும். அங்கே மீன்களைப் பிடித்துத் தனித் தொட்டிக்கு மாற்றித்தான் மருத்துவம் பார்க்க வேண்டும். பாறை இடுக்குகளில் மறையும் மீனைப் பிடிப்பது எவ்வளவு கடினம் என்பதை அறிந்தவர்கள், எந்த மீனையும் சில வாரங்கள் தனித் தொட்டியில் வைத்துக் கவனித்த பிறகே உள்ளே விடுவார்கள்.

ஆனால் மீன் மட்டும் வாழும் தொட்டியில் கண்ணை ஈர்ப்பது மீன் ஒன்றுதான். மீன் பாறைக்குப் பின்னால் போய்விட்டால் எதிரே வெறும் கல்தான் இருக்கும். பவளத் தொட்டியில் கல்லே உயிருள்ளது. 1961இல் இந்தோனேசியாவின் லீ சின் எங், கடலிலிருந்து எடுத்த, நுண்ணுயிர்கள் குடியிருக்கும் உயிர்ப்பாறைகளையும் காற்றுக் குமிழிகளையும் மட்டுமே நம்பி கடல் உயிரினங்களை வளர்க்கும் முறையை விவரித்து எழுதினார். வெளுத்த பவள எலும்புகளை அலங்காரமாக அடுக்கி மீன் வளர்ப்பதே அக்காலத்தில் பரவலான வழக்கமாக இருந்தது. பின்னர் பெர்லின் நகர ஆர்வலர்கள் உயிர்ப்பாறையோடு ஸ்கிம்மர் கருவியையும் வலுவான ஒளியையும் சேர்த்து ஒரு முறையை உருவாக்கினார்கள். இன்றைய தொட்டிகளில் பெரும்பாலானவை அதன் வழி வந்தவையே. ஸ்கிம்மர் கடல்நீரில் நுண்குமிழிகளைச் செலுத்தி, கரைந்திருக்கும் கரிமக் கழிவை நுரையாக மேலே ஏற்றி, பழுப்புக் குழம்பாகக் கிண்ணத்தில் சேர்த்துவிடுகிறது. பாறைத் துளைகளில் வாழும் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின்பு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. ஆக்சிஜன் எட்டாத உட்பகுதியில் உள்ளவை நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றுகின்றன.

இத்தகைய தொட்டியில் பார்ப்பதற்குக் குறைவே இல்லை. என்னை மிகவும் கவர்வது பிஸ்டல் இறாலும் கோபி மீனும் சேர்ந்து நடத்தும் குடித்தனம். கண்பார்வை மங்கிய இறால் மணலில் வளை தோண்டி, புல்டோசரைப் போலச் சிறு கற்களை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். வாசலில் மீன் காவல் நிற்கும். வெளியே வரும் ஒவ்வொரு முறையும் இறால் தன் உணர்கொம்பு ஒன்றை மீனின் உடல்மேல் வைத்திருக்கும். மீனின் வால் துடித்த கணமே அது வளைக்குள் பாய்ந்துவிடும். சிங்கமீன் இருக்கும் தொட்டியில் இந்த இணை பிழைத்திருக்க வாய்ப்பில்லை. பவளங்களுக்கு இடையிலும் இத்தகைய உறவுகள் உண்டு, போர்களும் உண்டு. பகலில் அமைதியாகத் தெரியும் கேலக்சியா பவளம் இரவில் நீண்ட தாக்கும் இழைகளை நீட்டி அருகிலுள்ள பவளத்தைச் சுட்டுவிடும். தோல்பவளங்கள் நீரில் வேதிப்பொருள்களைக் கசியவிட்டு அண்டையாரின் வளர்ச்சியைத் தடுக்கும். செடித் தொட்டியில் செடிகள் பெரும்பாலும் ஒளிக்காகவும் உரத்துக்காகவும் போட்டியிடுவதால், இடைவெளியைக் கணக்கிட்டு நடும் கவலை அங்கே மிகக் குறைவு.

நிறத்தை ஒப்பிட்டாலும் ஒரு முக்கியமான வேறுபாடு தெரிகிறது. மீனின் நிறம் பெரும்பாலும் அதனோடு பிறந்தது. நல்ல உணவு அதைக் காக்கும், அவ்வளவே. பவளத்தின் நிறமோ வளர்ப்பவரின் பராமரிப்பைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும். பவளத்தின் திசுவுக்குள் வாழும் சூசாந்தெல்லே என்னும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்து, ஆழமற்ற நீரில் வாழும் பல பவளங்களுக்குத் தேவையான ஆற்றலில் பெரும்பகுதியைத் தருகின்றன. நீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகுந்தால் அந்தப் பாசிகள் பெருகிப் பவளம் பழுப்பேறும். நீரில் அந்தச் சத்துகள் அறவே இல்லாமற்போனால் பவளம் வெளிறிச் சோரும். வெப்பம் மிகுந்தால் பவளம் பாசிகளை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும். நீல விளக்கின்கீழ் ஒளிரும் பச்சையும் சிவப்பும் பவளம் தானே உருவாக்கும் ஒளிர்புரதங்களின் வேலை. ஆய்வுக்கூடங்களில் செல்களை அடையாளமிடப் பெரிதும் பயன்படும் சிவப்பு ஒளிர்புரதம் ஒன்று, தொட்டிகளில் சாதாரணமாக வளர்க்கப்படும் டிஸ்கோசோமா என்ற காளான் பவளத்திலிருந்து கண்டறியப்பட்டு 1999இல் வெளியுலகுக்கு அறிமுகமானது. இரு தொட்டிகளில் ஒரே பவளம் வெவ்வேறு நிறத்தில் இருப்பது இந்தப் பொழுதுபோக்கில் வழக்கமான காட்சி. அந்த வேறுபாட்டுக்கான காரணத்தைத் தேடிச் செல்வதே பலருக்குப் பெரும் இன்பமாக இருக்கிறது.

அந்தத் தேடல் வேதியியலில் போய் நிற்கும். கடல்நீரின் உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு. கால்சியம் லிட்டருக்கு 420 மில்லிகிராம் அளவிலும் மக்னீசியம் 1,300 மில்லிகிராம் அளவிலும் இருக்கும். காரத்தன்மையைப் பெரும்பாலோர் 8 முதல் 9 டி.கே.எச். (காரத்தன்மையை அளக்கும் அலகு) வரை வைத்திருக்கிறார்கள். எலும்பு கட்டும் பவளங்கள் நிறைந்த தொட்டியில் காரத்தன்மை ஒரே நாளில் 1 முதல் 2 டி.கே.எச். வரை குறையக்கூடும் என்பதால், சுண்ணாம்பு நீராகவோ, கால்சியத்துக்கும் காரத்தன்மைக்குமான இரு கரைசல்களாகவோ அதை ஈடுசெய்துகொண்டே இருக்க வேண்டும். நீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆகவே ஊற்ற வேண்டியது கடல்நீரன்று, தாதுக்கள் நீக்கப்பட்ட தூய நன்னீர். செடித் தொட்டியிலும் நைட்ரேட், பொட்டாசியம், இரும்பு என்று கணக்குப் பார்ப்பவர்கள் உண்டு. ஆனால் பல ஊர்க் குழாய் நீரே அங்கே போதுமானது. கடல்மீன் தொட்டிக்கும் உப்பு கலந்த நீரும் சுத்தமான வடிகட்டியும் இருந்தால் பெரும்பாலும் சிக்கல் இல்லை.

‘பவளத் தொட்டி’ என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதற்குள்ளும் தேர்வுகள் இருக்கின்றன. என் பரிந்துரை இங்கே தெளிவானது. காளான் பவளம், தோல்பவளம், சுவாண்டிட் போன்ற மென்பவளங்கள் மிதமான ஒளியிலும் சற்று ஏற்ற இறக்கமுள்ள நீரிலும் வாழ்ந்துவிடும். நீண்ட இழைகளை அசைத்துக்கொண்டிருக்கும் யூஃபில்லியா போன்ற பெருவாய்க் கல்பவளங்களுக்கு இன்னும் கொஞ்சம் சீரான நீர் தேவை. அக்ரோபோரா போன்ற சிறுவாய்க் கல்பவளங்களுக்குக் கடும் ஒளியும் வலுவான நீரோட்டமும் அசையாத காரத்தன்மையும் வேண்டும். பிழை நேர்ந்தால் ஆண்டுகள் வளர்ந்த கிளை ஒரே நாளில் திசு உரிந்து வெள்ளை எலும்பாகிவிடலாம். அசைவையும் உயிர்களின் நடத்தையையும் பார்த்து மகிழ விரும்புகிறவருக்கு முதல் இரண்டும் கலந்த தொட்டி முழு நிறைவைத் தரும். அளவெடுப்பதிலும் திருத்துவதிலும் இன்பம் காண்பவர் மட்டுமே மூன்றாவதை நாட வேண்டும். அதை உச்சநிலை என்று சொல்லிப் புதியவர்களை அதன் பக்கம் தள்ளும் வழக்கம் பல பவளங்களின் உயிரையும் பலரின் ஆர்வத்தையும் காவு வாங்கியிருக்கிறது. மென்பவளங்களிலும் ஓர் எச்சரிக்கை தேவை: சுவாண்டிட் வகையின் சில இனங்களில் பாலிடாக்சின் என்ற கொடிய நச்சு இருப்பதால், வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் அணிய வேண்டும், அவை ஒட்டியிருக்கும் பாறையைக் கொதிக்க வைக்கவே கூடாது.

தொட்டியின் அளவைப் பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை. சிறிய தொட்டி மலிவானது, ஆனால் அதன் உப்பும் வெப்பமும் விரைவாக மாறும். இடமும் பொருளும் அனுமதிக்கும் அளவுக்குப் பெரியதே புதியவருக்கு எளிது.

பகிர்ந்துகொள்ளும் மகிழ்ச்சியில் பவளத்துக்கு இணையானது எதுவும் இல்லை. எலும்பு வெட்டும் கத்தரியால் கிளையின் நுனியை நறுக்கி, வழியும் கோழையை நீரில் அலசி, சிறு வட்டில் பசைவைத்து ஒட்டினால், சில வாரங்களில் திசு பசையின்மேல் படர்ந்து வட்டைப் பற்றிக்கொள்ளும். செடித் தொட்டிக்காரரும் கத்தரித்த தண்டுகளைக் கொடுப்பார்; ஆனால் அங்கே பலருக்கும் அது மிஞ்சியதைக் கொடுப்பதுதான். பவளத் துண்டோ ஆண்டுக்கணக்கான உழைப்பின் ஒரு பங்கு. அதோடு ஒரு காப்பீடும்கூட. மின்தடையாலோ நோயாலோ தாய்ப் பவளம் இறந்துபோனால், முன்பு துண்டு வாங்கிச் சென்றவரிடமிருந்து அதே உயிரைத் திரும்பப் பெறலாம். பெர்லின் ஆர்வலர் டீட்ரிக் ஸ்டூபரின் தொட்டியில் வளர்ந்த அக்ரோபோரா ஒன்று இப்படித்தான் கைமாறிக் கைமாறிப் பல தொட்டிகளுக்குப் பரவி, அவர் பெயராலேயே அறியப்படுகிறது.

கடலுக்கு நேரும் பாதிப்பில் மூன்றும் ஒன்றல்ல. நன்னீர் அலங்கார மீன்கள் பெரும்பாலும் பண்ணைகளில் பிறந்தவை. கடல்மீன்களில் பெரும்பாலானவை இன்னும் கடலிலிருந்து பிடிக்கப்படுகின்றன. இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவுக்கு அருகிலுள்ள பாங்காய்த் தீவுகளுக்கே உரிய பாங்காய் கார்டினல் மீன், தொட்டி வணிகத்துக்காக அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டதால், 2007இல் ஐ.யூ.சி.என். என்ற பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் அழியும் அபாயமுள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்தது. இத்தனைக்கும் அது வளர்ப்பில் எளிதாக இனம்பெருக்கும் மீன். ஆண் மீன் முட்டைகளை வாயிலேயே வைத்துக் காத்துக் குஞ்சுகளை வெளிவிடும். கோமாளி மீன்கள் பல ஆண்டுகளாகப் பண்ணைகளில் வளர்க்கப்படுகின்றன. நெடுங்காலம் முடியாமல் இருந்த மஞ்சள் டேங் மீனும் 2015இல் ஹவாயில் வளர்ப்பிலேயே குஞ்சு பொரித்து வளர்ந்தது. கல்பவளங்கள் அனைத்தும், அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால் நாடுகளுக்கு இடையே அவற்றை அனுப்ப அனுமதி வேண்டும்; சில நாடுகளின் சட்டம் அவற்றை வைத்திருப்பதையே தடுக்கிறது. இந்த அளவுகோலில் செடித் தொட்டியே முதலிடம் பெறுகிறது. அதற்கு அடுத்ததாக நான் வைப்பது, வளர்ப்பில் பிறந்த மீன்களையும் வேறொரு தொட்டியில் வளர்ந்த பவளத் துண்டுகளையும் மட்டுமே கொண்டு நிரப்பிய பவளத் தொட்டியை. கடலில் பிடித்த பெரிய மீன்களை நம்பியிருக்கும் தொட்டி அதற்கும் பின்னால்தான் வரும். ஆகவே தொட்டி வாங்கும் முன்பே, சட்டம் இடந்தரும் இடத்தில், அருகில் பவளம் வளர்ப்பவர் யார், அவர் எந்தத் துண்டுகளைத் தரக்கூடும் என்று விசாரித்து வைப்பது நல்லது. எந்த ஒளி, எந்த அளவு, எந்த வகை என்பதெல்லாம் அந்தப் பதிலிலிருந்தே முடிவாகும்.