ஃபோர் வீல் என்று நம்பி 7 லட்சம் கூடக் கொடுத்தேன்

நேற்றுத்தான் தெரிய வந்தது. இரவு முழுக்க நித்திரை இல்லை. திருகோணமலையில் பழைய வாகனம் எடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து வாசியுங்கள்.

எங்களுக்கு வயல் தம்பலகாமத்தில். மாரி தொடங்கினால் பாதை முழுக்கச் சேறு. டபுள் கேப்பில் (பின்னால் சாமான் ஏற்றுகிற திறந்த பெட்டி உள்ள வண்டி) பாரம் இல்லாவிட்டால் பின்பக்கம் லேசு, பின் சில்லு மட்டும் இழுக்கிற வண்டி நின்ற இடத்திலேயே சுற்றும். அதனால் நாலு சில்லும் இழுக்கிற ஃபோர் வீல்தான் வேண்டும் என்று ஒரு வாகன விற்பனை நிலையத்துக்குப் போனேன். ஒரே மாதிரி இரண்டு கேப் நின்றன. ஒன்று பின் சில்லு இழுவை. மற்றது ஃபோர் வீல், 7 லட்சம் அதிகம்.

விற்றவர் இருத்தித் தேத்தண்ணி தந்தார். தனக்கும் தம்பலகாமத்தில் சொந்தம் இருக்கு என்றார். ஃபோர் வீல் போடுகிற சின்ன லீவரை இழுத்துக் காட்ட, மீட்டர் பலகையில் ஃபோர் வீல் லைட் எரிந்தது. "பாருங்கோ அண்ணை, இதைவிட என்ன சாட்சி வேணும்?" அந்த ஒரு லைட்டை நம்பினேன். நிலாவெளி வீதியில் ஓட்டியும் பார்த்தேன். தார் வீதியில் நேரே ஓடினால் என்ன தெரியும்?

நேற்று வயல் பாதையில் புதைந்தது. லீவரைப் போட்டேன், லைட்டும் எரிந்தது. கீழே நின்ற மச்சான் கத்தினான்: "முன் சில்லு அசையவே இல்லை!" உழவு இயந்திரம் பிடித்துத்தான் இழுத்தோம். கராஜில் தூக்கிப் பார்த்தால் முன் சில்லுக்கு இழுவையைக் கொண்டுபோகிற இரும்புத் தண்டு, அந்த ப்ரொப்பெல்லர் ஷாஃப்டே இல்லை. கழற்றி எடுத்திருக்கிறார்கள்! லைட்டின் சுவிட்ச் கியர்ப்பெட்டியில் இருப்பதால் ஷாஃப்ட் இல்லாமலும் எரியுமாம்.

உடனே அழைத்தேன். "முதலாளி கொழும்பில்." பின்னேரம் அழைத்தேன். "பார்த்துத்தானே எடுத்தீங்கள், கையெழுத்தும் வைச்சிட்டீங்கள்." இன்று காலை நேரில் போனால், தேத்தண்ணி தந்த அதே மனிதர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. 7 லட்சம். இல்லாத ஒரு சாமானுக்கு 7 லட்சம்!

விரிவாக எழுத நினைத்தேன், மனம் ஓடவில்லை. லைட்டை நம்பாதீர்கள். குனிந்து பாருங்கள்: ஷாஃப்ட் பின்னுக்கு ஒன்று, முன்னுக்கு ஒன்று இருக்க வேண்டும். லீவர் வைத்த பழைய வகை என்றால், ஃபோர் வீலில் போட்டுக் காய்ந்த தரையில் மெதுவாக முழு வளைவு எடுங்கள். ஸ்டியரிங் இறுகி வண்டி திணற வேண்டும். திணறாவிட்டால் சந்தேகப்படுங்கள். அப்படியே தார் வீதியில் தொடர்ந்து ஓட்டாதீர்கள், உடைந்துவிடும். உங்கள் மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். "ஃபோர் வீல் வேலை செய்யும்" என்று பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள், நான் வாங்கவில்லை.

நுகர்வோர் அதிகாரசபைக்கு முறைப்பாடு எழுதிக்கொண்டிருக்கிறேன். இதே மாதிரி ஏமாந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே கொடுப்போம்.