ஏஆர்பி ஆர்டர் கைக்கு வந்தாச்சு, அடுத்து ஆர்பிட்ரேஷனா கோர்ட்டா?

டெக்சஸ்ல வீடு வச்சிருக்கிற நம்மாளுங்க நிறைய பேர் வீட்டு வேல்யூவை அதிகமா போட்டுட்டாங்கன்னு ப்ராபர்ட்டி டாக்ஸ் புரொடெஸ்ட் பண்றாங்க, ஆனா அதை விசாரிக்கிற அப்ரைசல் ரிவ்யூ போர்டு (ஏஆர்பி) கை விரிச்சதும் அவ்ளோதான்னு விட்டுடறாங்க. அது முடிவு இல்லங்க. டாக்ஸ் கோட் 41ஏ சாப்டர்படி பைண்டிங் ஆர்பிட்ரேஷன் (கோர்ட்டுக்கு வெளிய ஆர்பிட்ரேட்டர்ங்கிற நடுவர் வேல்யூவை முடிவு பண்றது) கேக்கறது உங்க உரிமை. குடியிருக்கிற ஹோம்ஸ்டெட் வீடுன்னா வேல்யூ எவ்ளோ இருந்தாலும் கேக்கலாம், மத்த ப்ராபர்ட்டின்னா 50 லட்சம் டாலர் வரைக்கும்.

கோர்ட்டுக்கும் இதுக்கும் கெடு ஒண்ணுதான், ஆர்டர் கையில கிடைச்சதுல இருந்து 60 நாள். ரெண்டுலயும் போக முடியாது, ஒண்ணைத்தான் எடுக்கணும்.

செலவுன்னு பாத்தா கோர்ட்டை விட ஆர்பிட்ரேஷன் ரொம்ப கம்மி. ஹோம்ஸ்டெட் வேல்யூ 5 லட்சம் டாலருக்குள்ள இருந்தா டெபாசிட் 450 டாலர், அதுக்கு மேலன்னா 500. வக்கீல் தேவையில்ல, ஃபோன்லயே கூட பேசி முடிக்கலாம். டிஸ்ட்ரிக்ட் கோர்ட்ல வக்கீல் ஃபீஸ் மட்டுமே நமக்கு குறையப்போற டாக்ஸை முழுங்கிடும், அதுவும் எப்ப முடியும்னு சொல்ல முடியாது.

இங்க முக்கியமா கவனிக்க வேண்டியது ஆர்பிட்ரேஷன் ஃபார்ம்ல நீங்க எழுதுற வேல்யூ. போர்டு 6,20,000 சொல்லுச்சு, நீங்க 5,40,000னு எழுதுறீங்கன்னு வைங்க, நடு 5,80,000. ஆர்பிட்ரேட்டர் 5,70,000 சொன்னா அது உங்க நம்பருக்குத்தான் கிட்ட, ஆர்பிட்ரேட்டர் ஃபீஸை அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் (வேல்யூ போடுற ஆபீஸ்) கட்டும், உங்க டெபாசிட்ல 50 டாலர் மட்டும் கம்ப்ட்ரோலர் (ஸ்டேட் நிதி அதிகாரி) எடுத்துக்கிட்டு மீதி திரும்பி வரும். 5,90,000 சொன்னா வேல்யூ குறையும், ஆனா டெபாசிட் போயிடும். அதனால ஆசைக்கு அடிமட்ட நம்பர் எழுதாதீங்க, எவ்ளோ கீழ எழுதறீங்களோ அந்த நடுக்கோடும் கீழ இறங்கி உங்களுக்கே பாதகமாயிடும்.

என் வீட்டுக்கு ஃபவுண்டேஷன் ரிப்பேர் எஸ்டிமேட் இருந்துச்சு, கராஜ் மூலையில விரலே நுழையிற அளவு விரிசல். போர்டு ஹியரிங்ல அந்த பேப்பரை யாரும் புரட்டிக்கூட பாக்கல, மனசு ரொம்ப வெறுத்துப்போச்சு. ஆர்பிட்ரேட்டர் ஃபோன்ல முதல்ல கேட்டதே "நாலாவது பக்கத்துல இருக்கிற போட்டோ எந்தப் பக்க சுவர்?"னுதான். ஒருத்தர் உக்காந்து முழுசா படிக்கிறாருன்னு தெரிஞ்சப்போ வந்த நிம்மதி இருக்கே, அதுக்காகவே நான் இதை எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்கேன்.

ஆனா கோர்ட்டுக்கு ஒரு பலம் உண்டு, அங்க தோத்தா அப்பீல் இருக்கு. ஆர்பிட்ரேட்டர் சொன்னது கிட்டத்தட்ட கடைசி வார்த்தை. பெரிய கமர்ஷியல் பில்டிங், சிக்கலான சட்டப் பாயிண்ட்டுன்னா கோர்ட்தான் சரி. 10 லட்சம் டாலருக்கு மேல வேல்யூ இருந்தா ஸ்டேட் ஆபீஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேட்டிவ் ஹியரிங்ஸ்னு மூணாவது வழியும் இருக்கு, டெபாசிட் 1,500 டாலர், நோட்டீஸ் 30 நாளுக்குள்ள குடுக்கணும். சாதாரண வீட்டுக்காரங்களுக்கு அது வேண்டாத வேலை.

எதுல போனாலும் ஒண்ணு முன்னாடியே பாருங்க. ஹோம்ஸ்டெட்டோட டாக்ஸ் கணக்கு வேல்யூ வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல ஏறக்கூடாதுன்னு ஒரு கேப் இருக்கிறதால உங்க டாக்ஸ் கணக்கு ஏற்கனவே மார்க்கெட் வேல்யூவுக்கு ரொம்ப கீழ இருக்கலாம், அந்த கேப் நம்பருக்கும் கீழ இறக்க முடியலன்னா ஜெயிச்சாலும் அந்த வருஷ பில்லுல ஒரு டாலர்கூட குறையாது. அப்புறம் கேஸ் நடக்குதேன்னு டாக்ஸ் கட்டாம இருந்துடாதீங்க, பிப்ரவரி 1 ஆனா பாக்கின்னு ஆயிடும், ஆர்பிட்ரேஷன் உரிமையே கைவிட்டுப் போயிடும்.