தலைவரா, ஆணையரா: எந்தக் கதவைத் தட்டுவது?

இராமேசுவரமும் கீழக்கரையும் நகராட்சிகள். நகராட்சி என்றால் நகர்மன்றத் தலைவர் ஒருவர், ஆணையர் ஒருவர். மனுவோடு போகிறவருக்கு யாரைப் பார்ப்பது என்பதில்தான் குழப்பம்.

தலைவர் நம்மூர்க்காரர். 2022 தேர்தலில் நாம் ஓட்டுப் போட்டது கவுன்சிலருக்கு. தலைவரைத் தேர்ந்தெடுத்தது அந்தக் கவுன்சிலர்கள். மன்றக் கூட்டத்தை நடத்துவது அவர். புது வாய்க்கால் வேண்டும், மீன் மார்க்கெட்டுக்குக் கூரை வேண்டும் என்றால் அவரிடம் போவதே சரி.

ஆணையர் அரசு அனுப்பும் அதிகாரி. ஓட்டுக் கேட்டு வரமாட்டார், மாறுதல் உத்தரவு வந்தால் கிளம்பிவிடுவார். ஆனால் மன்றம் போட்ட தீர்மானம் வேலையாக மாறுவது அவர் கையெழுத்தில்தான். வரி வசூல், கட்டட அனுமதி, டெண்டர், ஊழியர்களை வேலை வாங்குவது எல்லாம் அவர் பொறுப்பு.

எங்கள் தெருவில் (ஊர் பெயர் வேண்டாமே) ஒரு விளக்குக் கம்பம். உப்புக்காற்றில் அடிப்பகுதி பொரிந்து, கை வைத்தால் துரு உதிரும். தலைவரிடம் இரண்டு முறை போனேன். "பாத்துக்கலாம்ணே" என்றார். அப்புறம் ஆணையர் பெயருக்கு எழுதிக் கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்கி வந்தேன். ஒன்பதாம் நாள் புதுக் கம்பம்.

அதனால் என் கணக்கு: புதிதாக வேண்டுமென்றால் தலைவர், இருப்பது பழுதென்றால் ஆணையர். மண்டபம், தொண்டிக்காரர்கள் ஆணையரைத் தேட வேண்டாம். அவை பேரூராட்சிகள்; அங்கே அந்த வேலை செயல் அலுவலருக்கு.