யுடிஎல்டில நார்மலா அக்ரெசிவா? ஒத்தப்பக்கம் மட்டும் செத்துப்போற லிங்க்குக்கு எத வைக்க

மழக்காலத்துல குலசேகரம் ரோட்டுல ரப்பர் மரக்கொம்பு ஒடிஞ்சு ஃபைபர் கேபிள் மேல விழுறது நமக்கு புதுசில்ல. அனுப்ப ஒண்ணு, வாங்க ஒண்ணுன்னு உள்ள ரெண்டு கோரும் (கண்ணாடி இழை) சேந்து அறுந்தா ஒண்ணுமில்ல, போய் ஸ்ப்ளைஸ் அடிச்சிட்டு வந்துரலாம். ஒரு கோர் மட்டும் போச்சுன்னா தான் சவம் உயிர எடுக்கும், ஏன்னா இந்தப்பக்கம் அனுப்புறது அங்க போகாது, அங்க இருந்து வர்றது மட்டும் வந்துட்டே இருக்கும், ஸ்விட்ச் ரெண்டுலயும் பச்ச லைட்டு எரியும். இப்படி ஒத்தப்பக்கம் செத்த லிங்க்க கண்டுபிடிச்சு போர்ட்ட மூடுறது தான் ஸ்விட்ச்சுல உள்ள யுடிஎல்டி, அதுல நார்மல், அக்ரெசிவ்னு ரெண்டு மோடு.

ஸ்விட்ச்சுலயே ஃபைபர் சொருகுற எஸ்எஃப்பி மாட்யூல நேரா போட்டு, ரெண்டு முனையும் தங்களுக்குள்ள பேசி லிங்க்க ஒத்துக்கிற ஆட்டோ நெகோசியேஷன ஆன்ல விட்டிருந்தா ஒரு கோர் போனாலே கிகாபிட் லிங்க் ரெண்டு பக்கமும் டவுன் ஆயிரும், யுடிஎல்டியே வேண்டாம்னு கூட தோணும். ஆனா தக்கலைல இருந்து நாங்க போட்டது மீடியா கன்வெர்ட்டர், ஃபைபர காப்பரா மாத்துற டப்பா. ஃபைபர் போனாலும் அது காப்பர் பக்கம் லிங்க்க தாங்கி பிடிச்சிட்டு நிக்கும்.

இதுல பெரிய ஆபத்து லூப், அதாவது பாக்கெட் வட்டமா சுத்திட்டே கிடக்கும். ரெண்டாவது வழி ஒண்ணு வச்சிருப்போம், லூப் வராம இருக்க எஸ்டிபி அத பிளாக்ல போட்டிருக்கும், அந்த பிளாக்ல கிடக்குற போர்ட்டுக்கு பிபிடியு (எஸ்டிபி அனுப்புற தகவல் பாக்கெட்) வரலன்னா எதிர்ல ஆளே இல்லன்னு நெனச்சு அது தெறந்துரும். பழைய எஸ்டிபில பிபிடியுக்காக காத்திருக்குற மேக்ஸ் ஏஜ் 20 செகண்ட், அப்புறம் லிசனிங் 15, லேர்னிங் 15, ஆக 50 செகண்ட். அதுக்க வேகமான வகை ஆர்எஸ்டிபில, 2 செகண்டுக்கு ஒண்ணு வர்ற ஹலோ 3 போனாலே ஏஜ் அவுட், அது 6 செகண்ட், எதிர்ல இருந்து சம்மதம் வராததால மிச்சம் 30 ஓடும், 36ல தெறந்துரும். புது ஆர்எஸ்டிபில டிஸ்ப்யூட்னு ஒரு செக் இருக்கு, அது இத தடுக்கும், ஆனா எல்லா டப்பாலயும் இருக்கும்னு நம்பி இருக்கக் கூடாது.

இப்ப யுடிஎல்டிக்க கணக்கு. ரெண்டு பக்கமும் தன் ஐடியயும் தனக்கு கேட்ட பக்கத்து ஐடியயும் சேத்து அனுப்பும். டீஃபால்ட் 15 செகண்டுக்கு ஒருதடவ. கண்டுபிடிக்க ஆகுற நேரம் சுமாரா ரெண்டர மடங்கு கூட 4, அதாவது 41.5. பழைய 50க்கு முன்னாடி வந்துரும் செரி, 36க்கு பிந்திப்போச்சே! அதனால நார்மலா அக்ரெசிவான்னு சண்ட போடுறதுக்கு முன்னாடி டைமர 7க்கு எறக்கு மக்கா, 21.5ல முடிஞ்சிரும். ரெண்டு பக்கமும் ஆன் பண்ணணும், ஒரு பக்கம் மட்டும் பண்ணிட்டு வேல செய்யலன்னு சொல்லக்கூடாது. இன்னொண்ணு, சிஸ்கோல குளோபலா ஆன் பண்ணினா ஃபைபர் போர்ட்டுக்கு மட்டும் தான் ஏறும், நம்ம கன்வெர்ட்டர் கேஸ்ல காப்பர் போர்ட்டுல தனியா அடிக்கணும், எனக்கு ஒரு சாயங்காலமே இதுல போச்சு.

நார்மல் மோடு சாட்சி இருந்தா தான் தீர்ப்பு சொல்லும். எதிர்ல இருந்து பாக்கெட் வருது, அதுல எனக்க பேர் இல்ல, அப்ப நான் சொல்றது அங்க கேக்கல, போர்ட்ட மூடு. ஒரு கோர் போற கேஸ் இதுலயே மாட்டிரும். ரெண்டு பக்கமும் ஒண்ணும் கேக்காம போச்சுன்னா மட்டும் தெரியலன்னு போட்டுட்டு போர்ட்ட தெறந்தே விட்டுரும்.

அக்ரெசிவ் அப்படி இல்ல. பக்கத்துல ஆள் காணாம போனா செகண்டுக்கு ஒண்ணு வீதம் 8 தடவ கூப்பிடும், பதில் இல்லன்னா எரர் டிசேபிள், அதாவது போர்ட்ட மூடிரும். கேக்க நல்லா இருக்கும். நாங்க வச்சோம். ஒருநாள் தக்கலைல கரண்ட் போச்சு, மெயின் ஸ்விட்ச் அணைஞ்சுது, குலசேகரத்துல கன்வெர்ட்டர் லிங்க்க பிடிச்சிட்டே நின்னுது, அங்க உள்ள ஸ்விட்ச் 8 தடவ கூப்பிட்டு பாத்துட்டு போர்ட்ட மூடிட்டு. கரண்ட் வந்தப்புறமும் தெறக்கல. மூடின போர்ட்ட தானா தெறக்குற எரர் டிசேபிள் ரெக்கவரி டீஃபால்ட்டா ஆஃப், அன்னைக்குன்னு பாத்து ரெண்டாவது வழியும் படுத்து கிடந்துது, கொட்டுற மழைல ரெயின்கோட்ட போட்டுட்டு பைக்குல போய் யுடிஎல்டி ரீசெட் அடிச்சது நான் தான்.

எஸ்டிபில உள்ள லூப் கார்டு (guard, காவல்) இதுக்கு மாத்தா? பாதி தான். பிபிடியு நின்னா தடுக்கும், திரும்ப வந்தா தானே தெறக்கும், அந்த குணம் எனக்கு பிடிக்கும். ஆனா கோர மாத்தி சொருகினா தெரியாது, பல கம்பிய ஒரே லிங்க்கா கட்டுற ஈதர்சேனல்ல ஒரு கம்பி கெட்டா மொத்த சேனலயும் அடச்சிரும், யுடிஎல்டி கெட்ட கம்பிய மட்டும் வெட்டும். சேனல் இருந்தா அத கட்டி பாத்துக்கிற எல்ஏசிபியே போதும், ஃபாஸ்ட்ல வச்சா 3 செகண்ட்ல கண்டுபிடிக்கும், ஸ்லோவ்ல 90, அத ஸ்லோவ்ல விட்டுட்டு சேனல்னு மார்தட்டுறவங்கள என்ன சொல்ல.

இப்ப எனக்க கணக்கு இது: கைக்கு எட்டுற தக்கலை பக்கம் அக்ரெசிவ், தூரத்துல கிடக்குற பக்கம் நார்மல் கூட லூப் கார்டு, ரெண்டுலயும் டைமர் 7, ரெக்கவரி ஆன், அது 300 செகண்ட்ல தானா தெறக்கும். ரெண்டு பக்கமும் ஒரே மோட் வைக்கணும்னு தான் சிஸ்கோ வழிகாட்டி சொல்லுது, ஆனாலும் நான் இப்படி தான் வச்சிருக்கேன்.

இதெல்லாம் முடிச்சுட்டு கன்வெர்ட்டர திருப்பி பாக்கேன், அடில ஒரு சின்ன டிப் ஸ்விட்ச், எல்எஃப்பின்னு எழுதி இருக்கு, ஃபைபர் போனா காப்பரயும் சேத்து கீழ இறக்குற வேல, வந்த நாள்ல இருந்து ஆஃப்ல தான் கெடந்திருக்கு.