பாடகர் மூன்று பேர், மைக் ஒன்று: ஷூர் எஸ்எம்58

பெட்டியைப் பிரிக்கும்போது நாங்கள் நாலு பேரும் தரையில் சுற்றி உட்கார்ந்திருந்தோம். உள்ளே மைக், அதை ஸ்டாண்டில் மாட்டும் கிளிப், மரை பொருந்தாவிட்டால் போட்டுக்கொள்ள ஒரு சின்ன வளையம், ஜிப் வைத்த பை. அவ்வளவுதான். கேபிள் இல்லை. கிட்டார்காரன் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தான். "ஏமாத்திட்டாங்கடா" என்றான். யாரும் ஏமாற்றவில்லை. பெட்டியின் மேலேயே எஸ்எம்58-எல்சி என்று போட்டிருந்தது. எல்சி என்றால் கேபிள் கிடையாது என்று அர்த்தம். அதைப் படிக்கிற பொறுமை பதினைந்து வயதில் எங்களில் யாருக்கும் இல்லை. ஆக, எங்கள் பங்க் (வேகமும் முரட்டுத்தனமும் கொண்ட ராக் வகை) பேண்டின் முதல் ஒத்திகை, மைக்கை ஆளுக்கு ஒருமுறை கையில் வாங்கிக் கனம் பார்ப்பதோடு முடிந்தது.

அது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. இதற்குள் பாடகர் மூன்று பேர், டிரம்மர் இரண்டு பேர், பேண்டுக்குப் பெயர் நான்கு. மாறாதது இரண்டுதான்: கிட்டார்காரனின் பிடிவாதம், இந்த மைக். நான் பேஸ் கிட்டார். (இப்போது பேஸ் மட்டுமில்லை. அதற்கு அப்புறம் வருகிறேன்.) ஒரே குரலை வைத்து எழுதுகிற மதிப்புரைகள் நிறைய இருக்கின்றன. மூன்று தொண்டைகள் பட்ட பாட்டை வைத்து இதை எழுதுகிறேன்.

எஸ்எம்58 வந்தது 1966-ல். எஸ்எம் என்பது ஸ்டூடியோ மைக்ரோஃபோன் என்பதன் சுருக்கம். ஸ்டூடியோவுக்காகச் செய்தது மேடைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டது. இதை உருவாக்கிய எர்னி சீலர் அமைதியான மனிதர், மேற்கத்திய செவ்வியல் இசைப் பிரியர், ராக் என்றாலே பிடிக்காது என்று ஷூர் நிறுவனத்தின் வரலாற்றைச் சொல்கிறவர்கள் எழுதியிருக்கிறார்கள். எங்கள் ஒத்திகையை மட்டும் அவர் கேட்டிருந்தால்! ஆனால் கீழே போட்டாலும் உழைக்கவேண்டும் என்று மெனக்கெட்டவர் அவர்தான், அதற்கு எங்கள் பேண்டு அவருக்குக் கடன்பட்டிருக்கிறது. டைனமிக் வகை, அதாவது குரலின் அதிர்வே உள்ளே சிக்னலை உண்டாக்கிவிடும். பேட்டரி வேண்டாம், மிக்சரிலிருந்து (ஒலிகளைக் கலந்து கூட்டிக் குறைக்கும் பெட்டி) மின்சாரமும் வேண்டாம். எடை 298 கிராம். போலிகள் ஏராளமாக நடமாடுவதால் வாங்கியதும் தராசில் வைத்துப் பார்ப்பது நல்லது. எடை சரியாக இருந்தாலே அசல் என்று ஆகிவிடாது, ஆனால் ரொம்ப லேசாக இருந்தால் சந்தேகப்படலாம்.

கேபிள் வாங்கியதும் அடுத்த முட்டாள்தனம் செய்தோம். எங்களிடம் மிக்சர் இல்லை. ஒரு முனையில் மூன்று துளை, மறுமுனையில் கிட்டார் ஜாக் உள்ள கேபிளாக வாங்கி, மைக்கை நேரே கிட்டார் ஆம்ப்பில், அதாவது கிட்டாருக்கான ஒலிபெருக்கிப் பெட்டியில், சொருகினோம். கம்பளிக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. வால்யூமை முழுக்கத் திருகினால் இரைச்சல்தான் ஏறியது. மைக்கைக் குறை சொல்லி இரண்டு வாரம் திட்டினோம். விஷயம் என்னவென்றால் இது மின்தடை குறைவான மைக், வெளியே வரும் சிக்னலும் சின்னது. கிட்டார் ஆம்ப் எதிர்பார்ப்பது வேறு. நடுவில் ஒரு மிக்சரோ டிரான்ஸ்ஃபார்மரோ வேண்டும். பழைய நாலு சேனல் மிக்சர் ஒன்று இரவலாகக் கிடைத்த அன்றுதான் இந்த மைக்கின் சத்தத்தையே முதன்முதலாகக் கேட்டோம். ஆகவே வாங்கப் போகிறவர்கள் மைக்கோடு கேபிள், மிக்சர், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

முதல் பாடகன் பாடகன் ஆனதற்கு ஒரே காரணம், அவனுக்கு எந்த வாத்தியமும் வராது. குரல் பெரிசு. மேடை வீடியோக்களை நிறையப் பார்த்திருந்தான், அதுதான் வினை. மைக்கைக் கைப்பிடியில் பிடிக்கமாட்டான். வலைக் குண்டை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு வாயை அதற்குள் விடுவான். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இந்த மைக் முன்னால் இருந்து வரும் சத்தத்தை வாங்கி, பின்னாலிருந்து வருவதைத் தள்ளிவிடுவதற்கு அந்த வலையின் அடிப்பாதி திறந்திருக்கவேண்டும். அதைப் பொத்தினால் நாலு பக்கச் சத்தமும் உள்ளே போகும், ஸ்பீக்கர் கூவ ஆரம்பிக்கும். "கையை எடுடா" என்று நாங்கள் கத்துவதும் அந்தக் கூவலும் சேர்ந்துதான் எங்கள் ஆரம்பகாலப் பதிவுகள் எல்லாம். வலையில் இடதுபக்கம் ஒரு பெரிய நசுங்கல் இருக்கிறது. கேபிளைப் பிடித்துச் சுழற்றியபோது சிம்பல் (டிரம்ஸோடு இருக்கும் உலோகத் தட்டு) ஸ்டாண்டில் மோதியது. மோதின பாட்டை நிறுத்தாமல் அதே மைக்கில் பாடி முடித்தான், மைக்கும் ஒன்றும் சொல்லவில்லை.

ஐந்து மாதத்தில் போய்விட்டான். சண்டையில்லை. "எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருக்குடா" என்றான், அது பொய்யும் இல்லை. சிக்கல் அதற்கு மறுநாள் வந்தது. மைக்கை நாலு பேரும் சம பங்கு போட்டு வாங்கியிருந்தோம். பாடினவன் அவன், ஆகவே மைக் தனக்குத்தான் என்று அவன். பேண்டுக்காக வாங்கியது, பேண்டிலேயே இருக்கட்டும் என்று நாங்கள். ஒரு சாயங்காலம் முழுக்க ஒரு மைக்கை நடுவில் வைத்துப் பஞ்சாயத்து. கடைசியில் அவன் பங்கை மூன்று தவணையில் கொடுப்பதாக முடிவானது. முதல் தவணை கொடுக்கும்வரை பிணையாக ஜிப் பையை எடுத்துக்கொண்டு போனான். மூன்று தவணையும் கொடுத்து முடித்தாயிற்று. பை வரவே இல்லை. மைக் இன்றுவரை ஒரு பழைய காலுறைக்குள்தான் இருக்கிறது.

இந்த மதிப்புரையில் நான் நிச்சயமாகச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்: இந்த மைக் உங்கள் பேண்டைவிட அதிக நாள் உழைக்கும். எனவே பங்கு போட்டு வாங்காதீர்கள். யாராவது ஒருவர் வாங்கி, அவர் பெயரில் ரசீது இருக்கட்டும். விலகும்போது அவர் எடுத்துக்கொண்டு போனால் போகட்டும்.

இரண்டாவது பாடகி எங்கள் டிரம்மர். புதுப் பாடகர் தேடி அலுத்த ஒரு நாள், "நான் எழுந்து வந்து பாடுறேன், டிரம்ஸுக்கு வேற ஆளைப் பாருங்க" என்றாள். எங்களுக்குத் தலை சுற்றியது. அமெரிக்க பங்க் பேண்டான ரமோன்ஸ் இதையேதான் செய்தார்கள் என்று கிட்டார்காரன் சமாதானம் சொன்னான். உண்மைதான், 1974-ல் டிரம்ஸ் வாசித்த ஜோயி பாட வந்தார், பேண்டைக் கவனித்துக்கொண்டிருந்த டாமி டிரம்ஸில் உட்கார்ந்தார். எங்களுக்கு டாமி கிடைக்க இரண்டு மாதம் ஆனது. கிடைத்தவன் அடிக்கிற அடியில் அறை அதிரும்.

அங்கேதான் மைக்கை நாங்கள் முதன்முறையாக ஒழுங்காகப் புரிந்துகொண்டோம். மேடையில் நிற்பதுபோல் அவள் டிரம்ஸுக்கு முதுகைக் காட்டி நிற்பாள். மைக்கின் முகம் அவளைப் பார்க்கிறது, அவளுக்குப் பின்னால் சிம்பல். அவள் வாயை எடுத்த நொடியில் மைக்கில் சிம்பல்தான் கேட்கும். ஒருநாள் எரிச்சலில் திரும்பி டிரம்மரைப் பார்த்துத் திட்டியபடியே பாடினாள். சிம்பல் சட்டென்று அடங்கியது! மைக்கின் முதுகு டிரம்ஸ் பக்கம் போய்விட்டது, அதுதான் காரணம். அன்றிலிருந்து ஒத்திகை அறையில் பாடுகிறவர் டிரம்ஸைப் பார்த்துத்தான் நிற்கவேண்டும், ஸ்பீக்கரும் மைக்கின் முதுகுப் பக்கம்தான். சின்ன அறையில் வாசிக்கிறவர்கள் இதை மட்டும் செய்து பாருங்கள், வேறு மைக் வாங்கத் தோன்றாது.

ஆனால் அதைக் கண்டுபிடிக்கப் பல மாதம் ஆகிவிட்டது. அதற்குள் தன் குரல் தனக்கே கேட்காமல் கத்திக் கத்தி அவள் தொண்டை போய்விட்டது. மூன்று வாரம் கைபேசியில் எழுதிக் காட்டித்தான் எங்களோடு சண்டை போட்டாள். பிறகு அவளே சொன்னாள், இனி இரண்டாவது கிட்டார் வாசிக்கிறேன் என்று. பிளாக் ஃபிளாக் என்ற இன்னொரு அமெரிக்க பங்க் பேண்டில் பாடிய டெஸ் கடேனா குரல் தேய்ந்து ரிதம் கிட்டாருக்கு மாறினார். 1981-ல் ஹென்றி ராலின்ஸ் வந்தார், அந்த பேண்டின் நாலாவது பாடகராக. எங்களுக்கு ராலின்ஸ் யாரும் வரவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நடுவில் ஒரு அசிங்கமான விஷயம். பாடகர் மாறும்போது வலையைக் கழுவுங்கள். கடிகாரச் சுற்றுக்கு எதிராகத் திருகினால் குண்டு தனியாகக் கழன்று வரும். கழற்றிய அன்று உள்ளே இருந்த பஞ்சைப் பார்த்துவிட்டு நான் பாடவே மாட்டேன் என்றேன். இரண்டு பேரின் ஒன்றரை வருஷ எச்சில். லேசான சோப்புத் தண்ணீரில் அலசி, முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டவேண்டும். மைக்கின் உடம்பில் மட்டும் தண்ணீர் படக்கூடாது. கழற்றிய கையோடு ஒரு கரண்டியின் பின்புறத்தை உள்ளே விட்டு நசுங்கலையும் பாதி நிமிர்த்தினேன். முழுக்க நிமிர்த்த மனசு வரவில்லை.

எனக்குக் குரல் மெலிசு. பேஸ் வாசித்துக்கொண்டே பாடுவது என்பது ஒரு கையால் வயிற்றைத் தடவி மறுகையால் தலையைத் தட்டுகிற வேலை. ரமோன்ஸில் ஜோயி பாட வந்ததே, பேஸ் வாசிப்பதையும் பாடுவதையும் சேர்த்துச் செய்ய அவர்களுடைய பேஸ்காரர் டீ டீயால் முடியாததால்தான் என்பதைக் கிட்டார்காரன் என்னிடம் வசதியாக மறைத்துவிட்டான். கை இரண்டும் பேஸில் இருப்பதால் மைக் ஸ்டாண்டில். உதடு வலையைத் தொடும் அளவுக்கு நெருங்கினால் குரலில் அடிச்சத்தம் ஏறுகிறது. எனக்கே அடையாளம் தெரியாத ஒரு கனம். ஒரு சாண் விலகினால் மறுபடி பழைய மெலிசு. ஆகவே பேஸின் கழுத்தில் விரல் போகும் இடத்தைப் பார்ப்பதா, மைக்கைப் பார்ப்பதா என்பதுதான் இப்போது என் வாழ்க்கைப் பிரச்சினை. 1977-ல் ரன்அவேஸ் என்ற பெண்கள் ராக் பேண்டிலிருந்து பாடகி செரி கரி விலகியபோது ஜோன் ஜெட் கிட்டாரோடு பாட்டையும் எடுத்துக்கொண்டார். அவர் எங்கே பார்த்தார் என்று பழைய வீடியோக்களில் தேடினேன். கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்.

குறைகள்? உண்டு. மைக்கில் சுவிட்ச் இல்லை. தனியாக எஸ் என்று முடியும் மாடலில் உண்டு, ஆனால் பாட்டு நடுவில் கை பட்டு அணைந்துபோகும் என்பதால் எனக்கு இதுவே சரி. சிக்னல் சின்னது என்று சொன்னேன், மலிவான மிக்சரில் ஏற்றும்போது இரைச்சலும் ஏறும். மென்மையாகப் பாடிப் பதிவு செய்கிறவர்கள் வேறு மைக்கைப் பாருங்கள், மேல் ஸ்தாயியின் மினுமினுப்பு இதில் வராது. எங்களிடம் மினுமினுப்பு எதுவும் இல்லாததால் இழப்பு தெரியவில்லை. ஐந்துக்கு நாலரை. அரை மதிப்பெண் கேபிளுக்குப் பிடித்தம்.

போன மாதம் ஒரு சின்ன நிகழ்ச்சியில் வாசித்தோம். முன்வரிசையில் முதல் பாடகன் நின்றிருந்தான். அவன் எழுதின பாட்டு ஒன்றை இன்னும் வாசிக்கிறோம். பல்லவி வந்ததும் வாசிப்பை நிறுத்தாமல் முழங்கையால் ஸ்டாண்டை அவன் பக்கம் சாய்த்தேன். குனிந்தான். இரண்டு கையாலும் வலையை அப்படியே பொத்திக்கொண்டான். ஸ்பீக்கர் கூவியது. நானும் கிட்டார்காரனும் பழைய டிரம்மரும் ஒரே குரலில் "கையை எடுடா" என்று கத்தினோம். புது டிரம்மர் தாளத்தை விடாமல் என்னைப் பார்த்து, யார் இவன் என்று புருவத்தைத் தூக்கினான்.