ஸ்விட்ச் போர்ட்டைக் கமாண்ட் லைனில் பார்ப்பது: ஒன்பது வருட அனுபவம்

வேலைக்கு வந்த புதிதில், நெட்வொர்க் ஸ்விட்சில் (கம்ப்யூட்டர்களைக் கேபிளால் இணைக்கும் பெட்டி) ஒரு போர்ட்டில் கோளாறு என்றால் கை தானாகப் போய் 'ஷோ ரன்னிங்-கான்ஃபிக் இன்டர்ஃபேஸ்' என்றுதான் அடிக்கும். சிஸ்கோ கேட்டலிஸ்ட் ஸ்விட்சுகளோடு ஒன்பது வருடம் தினமும் பழகிய பிறகு அதைக் கடைசியில்தான் அடிக்கிறேன். நாம் எழுதி வைத்ததை மட்டும்தான் அது சொல்லும். டீஃபால்ட்டில் இருப்பதைப் பெரும்பாலும் காட்டாது, போர்ட் இந்த நிமிடம் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதையும் சொல்லாது.

இப்போது முதலில் பார்ப்பது 'ஷோ இன்டர்ஃபேசஸ் ஸ்டேட்டஸ்'. போர்ட்டுக்கு ஒரு வரி: பெயர், நிலை, விலேன் (போர்ட் சேர்ந்திருக்கும் தனி நெட்வொர்க் பிரிவு), டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் இரு பக்கமும் அனுப்பினால் ஃபுல், மாறி மாறி அனுப்பினால் ஹாஃப்), ஸ்பீடு, வகை. நிலையில் 'நாட்கனெக்ட்' என்றால் லிங்க் வரவில்லை. 'டிசேபிள்டு' என்றால் யாரோ ஷட்டவுன் கொடுத்திருக்கிறார்கள். 'எர்-டிசேபிள்டு' என்றால் போர்ட் செக்யூரிட்டி (அனுமதி இல்லாத மெஷினைத் தடுப்பது), பிபிடியு கார்டு (இன்னொரு ஸ்விட்சின் செய்தி வந்தால் மூடுவது) மாதிரி ஏதோ ஒரு காரணத்துக்காக ஸ்விட்சே மூடிவிட்டது. இந்த மூன்றையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு கேபிளை மாற்றி மாற்றிச் சொருகுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்த வரியிலேயே என் கண் தேடுவது 'ஏ-' என்ற சின்ன முன்னொட்டை. 'ஏ-ஃபுல்', 'ஏ-1000' என்றால் நம் போர்ட் ஆட்டோ நெகோஷியேஷனில் (இரண்டு முனையும் தாங்களாகவே பேசி முடிவு செய்யும் முறை) இருந்து முடிவானது. வெறும் 'ஃபுல்' என்றால் யாரோ கையால் பூட்டியது.

இதன் அருமை எனக்குப் புரிந்தது ஒரு பழைய சர்வரால். பிங் சுத்தமாகப் போகும், ஆனால் பெரிய ஃபைலைக் காப்பி செய்தால் நகராது. ரன்னிங்-கான்ஃபிக்கில் ஆக்சஸ் மோட் (ஒரே விலேனுக்கான போர்ட்), விலேன் என்று இரண்டே வரி, இரண்டிலும் தப்பில்லை. அதை நம்பி இரண்டு நாளை ஃபயர்வாலிலும் டிரைவரிலும் தொலைத்தேன். கடைசியில் ஸ்டேட்டஸைப் பார்த்தால் 'ஏ-ஹாஃப்', 'ஏ-100'. சர்வர் பக்கம் 100 ஃபுல் என்று பூட்டப்பட்டிருந்தது. எதிர்முனை ஆட்டோ நெகோஷியேஷன் பேசாவிட்டால், சிக்னலை வைத்து ஸ்பீடை ஸ்விட்ச் கண்டுபிடித்துவிடும். டூப்ளெக்ஸைக் கண்டுபிடிக்க வழியில்லை, அதனால் ஸ்டாண்டர்டுபடி ஹாஃப் ஆகிவிடும். எங்கள் பக்கம் லேட் கொலிஷன் (தாமதமாக நடக்கும் டேட்டா மோதல்) ஏறிக்கொண்டே இருந்தது, சர்வர் பக்கம் சிஆர்சி எரர் (வந்த டேட்டா சிதைந்திருக்கிறது என்பதன் அடையாளம்). சர்வரை ஆட்டோவுக்கு மாற்றியதும் 'ஏ-ஃபுல்' வந்தது, காப்பியும் ஓடியது.

கிகாபிட் மெஷின் இருக்கும் போர்ட்டில் 'ஏ-100' தெரிந்தால் முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள். 1000-க்கு நான்கு ஜோடி கம்பியும் வேண்டும், 100-க்கு இரண்டே போதும். ஒரு ஜோடி போனாலும் பல நேரம் லிங்க் 100-க்கு இறங்கி, எதுவும் நடக்காத மாதிரி ஓடிக்கொண்டிருக்கும்.

'ஷோ இன்டர்ஃபேசஸ்' காட்டும் எரர் கவுண்ட்டரை மட்டும் தனியாகப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். 300 சிஆர்சி என்பது இரண்டு வருடத்தில் சேர்ந்ததா, இன்று காலையில் வந்ததா? 'லாஸ்ட் கிளியரிங்' என்ற வரியில் 'நெவர்' என்றிருந்தால் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு 'கிளியர் கவுண்டர்ஸ்' கொடுத்து, பத்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

டிரங்க் (பல விலேன்களை ஒரே கேபிளில் கொண்டுபோகும் இணைப்பு) விஷயத்துக்கு 'ஷோ இன்டர்ஃபேசஸ் ஸ்விட்ச்போர்ட்' போதும். அட்மினிஸ்ட்ரேடிவ் மோட் நாம் கேட்டது, ஆப்பரேஷனல் மோட் கிடைத்தது. இரண்டு முனையும் 'டைனமிக் ஆட்டோ'வில் இருந்தால் எதிர்முனை கேட்கட்டும் என்று இரண்டும் காத்துக்கொண்டே இருக்கும், டிரங்க் வராது.

குறைகளும் உண்டு. ஸ்டேட்டஸில் நீளமான பெயர் வெட்டுப்படும், முழுசாகப் பார்க்க 'ஷோ இன்டர்ஃபேசஸ் டிஸ்க்ரிப்ஷன்' அடிக்க வேண்டும். டிராஃபிக் அளவு டீஃபால்ட்டாக ஐந்து நிமிடச் சராசரி, திடீரென்று ஏறி இறங்குவது அதில் கரைந்துவிடும். 'லோட்-இன்டர்வல் 30' வைத்த பிறகுதான் எனக்கு அது பயன்பட்டது. 'இன்க்ளூட்' போட்டு வடிகட்டும்போது பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்கும். ஒன்றும் வரவில்லை என்றால் எழுத்தை மாற்றி ஒரு தடவை தேடிவிடுங்கள்.

ஷட்டவுன் கொடுக்கும் முன் 'ஷோ மேக் அட்ரஸ்-டேபிள் இன்டர்ஃபேஸ்' ஒன்றை நான் விடுவதே இல்லை. ஒரே கம்ப்யூட்டர் என்று எழுதி வைத்த ஆக்சஸ் போர்ட்டில் இருபது மேக் (ஒவ்வொரு மெஷினின் நெட்வொர்க் கார்டுக்கும் உள்ள அடையாள எண்) தெரிந்தால், மேசைக்கு அடியில் யாரோ ஒரு சின்ன ஸ்விட்சைச் சொருகியிருக்கிறார்கள். அதை மூடினால் இருபது பேரின் வேலை நின்றுவிடும்.